ஊசிப்புல்லும் ஊகும்: புல்வகைப்பாடு குறித்த தமிழாய்வுகள் மீது ஒரு மறுநோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தொல்காப்பிய மரபியல் கூறும் புல், மரம் என்னும் பகுப்பை இக்காலத் தாவரவியலின் ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்போடு ஒன்றாக்கிக் காட்டும் போக்கு தமிழாய்வில் நெடுநாளாக நிலவுகிறது. வழக்கிலுள்ள ஒரு புற்பெயரை ஓர் இலத்தீன் பெயரோடு ஒன்றுக்கொன்றாகப் பொருத்திவிடும் போக்கும் அதனோடு சேர்ந்து வருகிறது. ஊசிப்புல் என்னும் வழக்குப் பெயரையும் ஊகு என்னும் சங்கச் சொல்லையும் சான்றாகக் கொண்டு இவ்விரு போக்குகளையும் இக்கட்டுரை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது. உத்திரமேரூர் வட்டாரத்து வழக்கு, புற்குடும்ப வகைப்பாட்டின் வரலாறு, ஊகு பயிலும் மூன்று செய்யுட்கள் ஆகியன தரவுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: மரபியல், புறக்காழ், ஊசிப்புல், ஊகு, புற்குடும்பம், வழக்குப் பெயர், உத்திரமேரூர்.

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் என்றவுடன் ஆய்வுலகிற்கு நினைவு வருவது குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபைத் தேர்தலின் விதிகளை விரிவாகக் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய வாரியங்களுக்கு உரியோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அந்த ஓலை, தொல்காப்பிய மரபியலின்படி, மரத்தின் உறுப்பன்று, புல்லின் உறுப்பு. பனையைப் புல் என்று வகுத்த நூல் அது. இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாக அமைந்ததும் ஏறத்தாழ இத்தகையதொரு வியப்பே.

எனினும் வியப்பு ஆய்வாகிவிடாது. 2019ஆம் ஆண்டில் இளமுனைவர் பட்டத்திற்கு நான் அளித்த ஆய்வேட்டின் இரண்டாம் இயலில், தொல்காப்பியர் ஒருவித்திலைத் தாவரங்களை மேலைநாட்டார்க்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வகைப்படுத்திவிட்டார் என்று எழுதினேன். சான்றாக முன்னைய கட்டுரைகள் சிலவற்றைக் காட்டினேன். அவையும் தமக்கு முன்னையவற்றையே காட்டியிருந்தன. புறத்தேர்வாளர் அதனைப் பாராட்டினார். அதன்பின் முனைவர் பட்டக் களப்பணிக்காகச் சொந்த ஊருக்கு அருகிலுள்ள மேய்ச்சல் நிலங்களில் புற்பெயர்களைத் திரட்டத் தொடங்கியபோதுதான், நான் எழுதியது பிழை என்பது புலப்பட்டது. இக்கட்டுரை ஒரு வகையில் அவ்வியலுக்கான திருத்தம்.

புறக்காழும் ஒருவித்திலையும்

மரபியல் கூறுவது சுருக்கமானது. புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் வழங்குவர் என்கிறது. காழ் என்பது வைரம். தொடர்ந்து புல்லுக்குரிய உறுப்புப் பெயர்களாகத் தோடு, மடல், ஓலை, ஏடு, பாளை, ஈர்க்கு, குலை போன்றவற்றையும், மரத்திற்குரியனவாக இலை, தளிர், முறி, சினை, அரும்பு போன்றவற்றையும் தருகிறது. பனை, தெங்கு, கமுகு, மூங்கில் ஆகியவற்றைப் புறக்காழுக்கு எடுத்துக்காட்டுவது மரபு. இவை நான்கும் ஒருவித்திலைத் தாவரங்களே. ஆகவே புல் என்பது ஒருவித்திலை, மரம் என்பது இருவித்திலை என்னும் சமன்பாடு எளிதில் பிறந்துவிடுகிறது.

இச்சமன்பாட்டில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. அவற்றுள் முதலாவது யாவரும் அறிந்ததுதான். ஆயினும் எவரும் கணக்கில் எடுப்பதில்லை. வாழை, மஞ்சள், இஞ்சி, வெங்காயம் ஆகியனவும் ஒருவித்திலைத் தாவரங்களே. அவற்றில் புறக்காழ் எங்கே உள்ளது? வாழைத்தண்டின் புறம் பட்டை பட்டையாக உரியும், அகமும் மென்மையானது. மறுபக்கம், இருவித்திலைத் தாவரங்களுள் பெரும்பகுதி செடியும் கொடியும் கீரையுமே. கீரைத்தண்டில் அகக்காழ் தேடுவார் இல்லை. எனவே காழை அளவுகோலாகக் கொண்ட பகுப்பும், வித்தின் இலையை அளவுகோலாகக் கொண்ட பகுப்பும் சில எடுத்துக்காட்டுகளில் மட்டுமே சந்திக்கின்றன. சந்திக்கும் இடங்களை மட்டும் எடுத்துக்காட்டினால் எந்த இரு பகுப்புகளையும் ஒன்றாக்கிக் காட்டிவிடலாம்.

இரண்டாவது இடர்ப்பாடு இன்னும் நுட்பமானது. நாம் தொல்காப்பியரைக் கொண்டுபோய் நிறுத்த விரும்பும் அந்த அறிவியல் வகைப்பாடே இன்று அவ்விடத்தில் இல்லை. வித்திலையின் எண்ணிக்கையால் பூக்கும் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கும் முறையை ஜான் ரே 1682இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். முந்நூறு ஆண்டுகள் அது நிலைத்தது. மரபணு வரிசைகளை அடிப்படையாகக் கொண்டு 1998இல் வெளியான பூக்கும் தாவர வகைப்பாடு, ஒருவித்திலைத் தாவரங்களை ஒரே மூதாதையின் வழிவந்த ஒரு குழுவாக ஏற்றது. இருவித்திலையை அவ்வாறு ஏற்கவில்லை. மிளகும் சண்பகமும் பழைய கணக்கில் இருவித்திலை. ஆனால் பிறப்புவழியில் அவை அவரையோடும் ஆலமரத்தோடும் ஒரே குழுவாக அமையவில்லை. அதாவது, மரபியலின் மரம் என்னும் வகையை இருவித்திலை என்று மொழிபெயர்த்துப் பெருமை கொள்ளும் கட்டுரை, தாவரவியலார் கைவிட்ட ஒரு வகையோடு அதனைப் பிணைக்கிறது. நாளை அறிவியல் மேலும் மாறும். அப்பொழுதெல்லாம் தொல்காப்பியரையும் இடம் மாற்றிக்கொண்டிருப்போமா?

மூன்றாவது, மரபியல் எதைப் பற்றிய இயல் என்பது. இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியன எவ்வெவற்றுக்கு வரும் என்று வரையறுப்பது அவ்வியலின் முதன்மையான வேலை. எந்த விலங்கின் குட்டியைப் பறழ் எனலாம், எதனைக் கன்று எனலாம் என்பது போன்றதே, எதன் உறுப்பை ஓலை எனலாம், எதன் உறுப்பை இலை எனலாம் என்பதும். தென்னையிலை என்று சொல்வது இன்றும் நம் செவிக்கு ஒவ்வாது. மாவோலை என்றால் சிரிப்பர். இச்சொல்வழக்கை நெறிப்படுத்தும் நூற்பாக்கள் அவை. உயிர்களின் பிறப்புவழி உறவைக் கூறுவது அவற்றின் நோக்கமன்று. ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கும் பகுதி அவ்வியலிலேயே உள்ளது. அங்கே புல்லும் மரமும் ஒரே அறிவின என ஒன்றாக வைக்கப்படுகின்றன. இரண்டு இடத்திலும் நோக்கு வேறு.

இவ்வாறு கூறுவது மரபியலின் மதிப்பைக் குறைப்பதாகாது. பனந்தண்டில் நீர்க்குழாய்க் கற்றைகள் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் தளர்ந்தும் அமைந்திருப்பதால்தான் அதன் புறம் வைரம் பாய்ந்து, உள் சோறாக இருக்கிறது. கூரைக்குப் பனஞ்சட்டம் அறுத்தவர் எவரும் இதனை அறிவர். வேம்பையும் கருவேலையும் அறுத்தவர் அகத்தே வைரம் கண்டிருப்பர். காழைக் கொண்டு பகுத்தது கோடரியும் வாளும் பிடித்த கைகளின் அறிவு. அதனை வித்து முளைப்பதை உற்று நோக்கியவரின் அறிவாக மாற்றி எழுதுவது, உண்மையில் அதனைக் கண்டவரிடமிருந்து பறிப்பதாகும்.

மூன்று புற்கள், ஒரு பெயர்

இனி ஊசிப்புல்லுக்கு வருவோம். உத்திரமேரூரைச் சுற்றிய ஏரிக்கரைகள், கரம்புகள், சிறு கரடுகளின் சரிவுகள் ஆகியவற்றில் ஆடு மேய்ப்போரிடம் நான் கேட்டவரையில், ஊசிப்புல் என்பது ஒரு செடியின் நிலையான பெயராக இல்லை. கார்காலத்தில் பசுமையாக இருக்கும்போது அதற்குப் பெயர் வெறும் புல். மழை ஓய்ந்து கதிர் முற்றி, ஆட்டின் வாயில் குத்தத் தொடங்கும்போதுதான் அது ஊசிப்புல்லாகிறது. கேட்ட முதியவர் ஒருவர், அறுத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகும்போது அதே செடியைத் தொடப்பப்புல் என்றார். முன்பு ஊசிப்புல் என்றீர்களே என்று வினவியபோது, "ஆட்டுக்கு ஊசி, வூட்டுக்குத் தொடப்பம்" என்று விடை வந்தது. இது ஒரு சிலரிடம் கேட்டதே. வட்டாரம் முழுவதற்கும் பொதுவென்று நான் சொல்லவில்லை. ஆயினும் படிவத்தில் வட்டாரப் பெயர் என்னும் கட்டத்திற்கு ஒரே ஒரு சொல்லை எழுதும் நம் முறைக்கு இவ்விடை எவ்வளவு இடர் தருகிறது என்பதைக் காணலாம்.

ஊசி என்று மக்கள் சொல்வது, சிறுகதிரை மூடிய உமியின் நுனியிலிருந்து நீளும் கம்பி போன்ற இழையை. சில வகைகளில் சிறுகதிரின் கூரிய அடிமுனையையும் அச்சொல் குறிக்கும். இவ்விழையை இக்கட்டுரை உமியிழை என்று வழங்கும். தமிழகச் சமவெளியில் இவ்வாறு குத்துகின்ற, ஒட்டுகின்ற புற்களுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. ஒன்று ஹெட்டிரோபோகன் கண்டார்ட்டஸ். இதன் உமியிழைகள் நீண்டு, கருத்து, கதிரின் நுனியில் ஒன்றோடொன்று முறுக்கிப் பிரி போலாகும். மற்றொன்று அரிஸ்டிடா. இதன் உமியிழை மூன்றாகக் கிளைக்கும். அரிஸ்டிடா செட்டேசியா என்னும் இனமே துடைப்பத்திற்கு ஆவது. மூன்றாவது கிரைசோபோகன் அசிகுலேட்டஸ். தரையோடு படர்ந்து, வேட்டியின் கரையெங்கும் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்புல். ஏரிக்கரையில் ஒருமுறை நடந்து வந்தவர் திண்ணையில் அமர்ந்து அதனைப் பிடுங்குவதிலேயே அரை மணி கழிப்பர்.

இலத்தீன் பெயர்களைச் சற்றே பிரித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அரிஸ்டிடா என்பது உமியிழையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. செட்டேசியா என்றால் விறைத்த மயிர் போன்றது. ஹெட்டிரோபோகன் என்றால் வேறுபட்ட தாடி. கண்டார்ட்டஸ் என்றால் முறுக்கியது. கிரைசோபோகன் பொன்தாடி, அசிகுலேட்டஸ் ஊசி போன்றது. பெயரிடும் முறையில் லின்னேயசுக்கும் உத்திரமேரூர் ஆட்டிடையருக்கும் பெரிய வேறுபாடில்லை. இருவரும் கண்ணில் பட்டதை, கையில் குத்தியதைப் பெயராக்கினர். பெயரைச் சூட்டியபின் அப்பெயரை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இரு மரபுகளும் பிரிகின்றன.

இப்பெயர்களுள் சில நம் கடற்கரையோடு தொடர்புடையன. லின்னேயசின் மாணவரான யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். அவர் திரட்டிய செடிகள் பலவற்றை சுவீடனின் ரெட்சியஸ் விவரித்துப் பெயரிட்டார். அரிஸ்டிடா செட்டேசியாவுக்கு 1786இலும் ஒட்டுப்புல்லுக்கு 1789இலும் பெயர் சூட்டியவர் ரெட்சியசே. தமிழில் தென்னிந்தியப் புற்களை ஆய்வோர் முதலில் திறக்க வேண்டிய நூல் கே. ரங்காச்சாரியார் 1921இல் சி. தாடுலிங்க முதலியாரின் துணையோடு எழுதிய கையேடு, அடுத்து என். எல். போர் 1960இல் வெளியிட்ட பெருநூல். சங்க இலக்கியப் புற்களைப் பற்றி எழுதும் நம் கட்டுரைகள் பலவற்றில் இவ்விரண்டும் மேற்கோளாகக்கூடக் காணப்படாதது வருந்தத்தக்கது.

அறிவியல் வகைப்பாடும் ஊசியிடம் ஏமாந்த வரலாறு உண்டு. அது தமிழாய்வாளர் அறிய வேண்டியது. 1753இல் லின்னேயஸ் மகரந்தத் தாள்களையும் சூல்தண்டுகளையும் எண்ணி வகுத்தபோது, ஐரோப்பிய ஊசிப்புல்லான ஸ்டிப்பாவும் அரிஸ்டிடாவும் ஒரே வகுப்பில் அடங்கின. முறுக்கிய உமியிழையுடைய நம் ஹெட்டிரோபோகன், ஆண்ட்ரோபோகன் என்னும் பெயரில், வேறு வகுப்பில் நின்றது. 1814இல் ராபர்ட் பிரவுன் சிறுகதிரின் அமைப்பை நோக்கிப் புற்குடும்பத்தை இரு பெரும் பிரிவுகளாக்கினார். அதன் பின்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருநூல்களில் ஸ்டிப்பாவும் அரிஸ்டிடாவும் அடுத்தடுத்தே இருந்தன. ஜோசப் ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவர நூலிலும் அவ்வாறே. காரணம் எளிது: இரண்டிலும் சிறுகதிருக்கு ஒரே ஒரு பூ, இரண்டிலும் உமி இறுகிச் சுருண்டிருக்கும், இரண்டிலும் நுனியில் ஊசி. இலையின் உள்ளமைப்பும் நிறப்புரிகளும் ஆராயப்பட்ட இருபதாம் நூற்றாண்டில்தான் ஐயம் வலுத்தது. 2001இல் புற்குடும்ப மரபுவழிக் குழு வெளியிட்ட வகைப்பாட்டில் ஸ்டிப்பா கோதுமையும் வாற்கோதுமையும் உள்ள துணைக்குடும்பத்திற்குச் சென்றது. அரிஸ்டிடா தன் பெயரிலேயே ஒரு தனித் துணைக்குடும்பமாயிற்று. ஹெட்டிரோபோகனும் ஒட்டுப்புல்லும் சோளமும் கரும்பும் உள்ள கிளையில் நின்றன.

ஆக, வேட்டியில் ஒட்டும் புல்லுக்கு நெருங்கிய உறவு கரும்பு, துடைப்பப்புல்லன்று. ஊசி என்பது உறவின் அடையாளமாக இல்லாமல், வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றிய ஒரு கருவியாக இருக்கிறது. அக்கருவி செய்யும் வேலையை 1876இல் பிரான்சிஸ் டார்வின் ஸ்டிப்பாவைக் கொண்டு விளக்கினார்: உமியிழை உலரும்போது முறுக்கும், நனையும்போது முறுக்கு அவிழும், மாறி மாறி நிகழும் இச்சுழற்சியால் வித்து மண்ணுக்குள் துளைத்துச் செல்லும். ஹெட்டிரோபோகனின் வித்தும் இவ்வாறே புதையும். மண் கிடைக்காதபோது ஆட்டின் தோலிலும் புகும். மேய்ப்பவர் மூன்றையும் ஊசியால் அறிவது, வித்தின் வேலையை அவர் நேரில் கண்டதால்.

ஸ்டிப்பாவின் கதை அத்துடன் நிற்கவில்லை. சில நூறு இனங்களைக் கொண்டிருந்த அப்பேரினம் பின்னர்ப் பல துண்டுகளாயிற்று. வட அமெரிக்க இனங்கள் சில 1993இல் ஹெஸ்பெரோஸ்டிப்பா ஆயின. ஆஸ்திரேலிய இனங்கள் 1996இல் ஆஸ்ட்ரோஸ்டிப்பா ஆயின. கலிபோர்னியா மாநிலம் 2004இல் தன் மாநிலப் புல்லாக அறிவித்த ஊதா ஊசிப்புல்லை நாசெல்லா புல்க்ரா என்பார் ஒரு சாரார். ஸ்டிப்பா புல்க்ரா என்றே வைப்பார் மற்றொரு சாரார். ஆங்கிலத்தில் ஊசிப்புல் எனப்படுவன பெரும்பாலும் இக்கூட்டத்தன. அவ்வாங்கிலப் பெயரைத் தமிழில் ஊசிப்புல் என்று பெயர்த்து, அதனைக் கொண்டு நம் ஊர் ஊசிப்புல்லை ஸ்டிப்பா என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிதில் நேரக்கூடிய பிழை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சொல் ஒன்றாக இருப்பதாலேயே பொருளும் ஒன்றாகிவிடுவதில்லை.

ஊகு: மூன்று செய்யுட்கள்

சங்க இலக்கியத்தில் ஊகு, ஊகம் என வரும் புல்லுக்குத் துடைப்பப்புல் என்று பொருள் கூறுவர். தாவரவியற் பெயர் தருவோர் அரிஸ்டிடா செட்டேசியா என்பர். இவ்வடையாளம் ஒரு கட்டுரையிலிருந்து மற்றொன்றுக்கு மாறாமல் செல்கிறது. ஏன் என்று எவரும் விளக்குவதில்லை. பி. எல். சாமி, கு. சீநிவாசன் போன்ற முன்னோர் நூல்களை எடுத்தாள்வோர் முடிவை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். செடியோடு செய்யுளை ஒப்பிட்டுப் பார்க்கும் உழைப்பை எடுத்துக்கொள்வதில்லை. (ஊகு, ஊசி என்னும் சொற்களின் ஒலி ஒப்புமையை வைத்து வேர்ச்சொல் காண விழைவாரும் உளர். அதற்குச் சான்றில்லை, இங்கு அது வேண்டுவதுமில்லை.)

மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், எயினரின் காவல் மிக்க குடியிருப்பு ஊகத்தால் வேயப்பட்டதாக வருகிறது. தொண்டை நாட்டுக்குரிய சான்று என்பதால் இதற்கு உத்திரமேரூர் வட்டாரத்தார் தனி உரிமை கொண்டாடலாம். புறநானூற்று 324ஆம் பாட்டில், வேட்டுவச் சிறுவர் உடைமரத்தின் வெள்ளிய முள்ளை ஊகின் மெல்லிய தண்டில் செருகி அம்பாக்கி, பருத்தி வேலியில் எலிக்குக் குறிவைக்கின்றனர். புறநானூற்று 307ஆம் பாட்டில் யானையோடு வீழ்ந்த வீரன் ஒருவனின் சுருண்ட தலைமயிரில் ஊகின் உதிர்ந்த பூ தங்கியிருக்கிறது. அப்பூவுக்கு அணிலின் வால் உவமை.

முதல் இரண்டு சான்றுகளாலும் ஓர் இனத்தை உறுதி செய்ய இயலாது. கூரை வேய்தற்கு உதவும் புற்கள் பல. ஹெட்டிரோபோகனும் அதற்கு ஆகும். தொலைவில் ஹவாய்த் தீவினர் தம் குடில்களை அதனாலேயே வேய்ந்தனர். முள் செருகும் அளவுக்கு மெலிந்தும் வளையாமலும் உள்ள தண்டு என்பதும் பல புற்களுக்குப் பொருந்தும். இவ்விரண்டும் ஊகு நெடிய, விறைத்த தண்டுடைய புல் என்பதை மட்டும் கூறுகின்றன. படரும் ஒட்டுப்புல்லை விலக்குகின்றன. அவ்வளவே.

மூன்றாவது சான்றுதான் முடிவைத் தருவது. அதில் மூன்று குறிப்புகள் உள. கதிர் அணில்வால் போன்றது. பூ கழன்று உதிர்வது. உதிர்ந்தது மயிரில் தங்குவது. ஹெட்டிரோபோகனின் கதிர் முற்றியபின் கரிய பிரியாக முறுக்கிக்கொள்வது. அதனை அணில்வால் என்று எவரும் சொல்லார். அரிஸ்டிடா செட்டேசியாவின் கதிரோ நீண்டு, ஒடுங்கி, ஒருபுறம் சாய்ந்து, மெல்லிய இழைகள் நாற்புறமும் சிலிர்த்து நிற்பது. காய்ந்த வெளிறிய நிறமும் ஒத்துவருகிறது. அணில்வால் போன்ற கதிருடைய புற்கள் வேறும் உண்டு. கொழுக்கட்டைப்புல்லின் கதிரும் மயிர் அடர்ந்த வாலாகத் தோன்றும். ஆனால் மற்ற இரு செய்யுட்களின் கூரையும் அம்பும் அதற்குப் பொருந்துவதாக எனக்குப் படவில்லை. கழன்று மயிரில் தங்குதல் என்பதோ மூன்று கிளையுடைய உமியிழைக்கே உரிய இயல்பு. ஒற்றை ஊசி குத்தும். மூன்று கிளை ஊசி சிக்கும். சுருண்ட மயிரில் அது எப்படித் தங்கும் என்பதை, புல் அறுத்து வந்த எவர் தலையிலும் காணலாம். எனவே ஊகு அரிஸ்டிடா என்னும் அடையாளத்தை ஏற்கலாம். ஆனால் செட்டேசியா என்னும் இனப்பெயர் வரை செல்வதற்குச் செய்யுளில் இடமில்லை. தமிழகத்தில் அரிஸ்டிடாவின் இனங்கள் பல. அவற்றை உமியிழையின் நீளத்தாலும் கதிரின் தோற்றத்தாலும் பிரிக்க வேண்டும். ஊகு அவற்றுள் நெடியன சிலவற்றைச் சேர்த்துக் குறித்த பெயராக இருந்திருக்கக்கூடும்.

இவ்வளவு நுணுகிப் பார்ப்பதால் செடியின் பெயர் மட்டுமா கிடைக்கிறது? 307ஆம் பாட்டின் பிற்பகுதியை நோக்குக. வீழ்ந்தும் போரிட முனையும் அவ்வீரனுக்கு உவமையாவது, உமணர் ஆளில்லா இடத்தில் கைவிட்டுச் சென்ற முடமான எருது. அதற்கு அவர்கள் நீரும் கொடுக்கவில்லை, புல்லும் கொடுக்கவில்லை என்கிறது பாட்டு. உரைகள் இங்குப் புல் என்பதை உணவு என்ற அளவில் கடந்துவிடுகின்றன. ஊகு எத்தகைய புல் என்று தெரிந்தபின் இவ்விடம் வேறாகத் தோன்றுகிறது. பூ முற்றி உதிரும் பருவத்து ஊகு கால்நடை தின்னத் தகாத புல், வாயைக் கிழிப்பது. அந்நிலத்தில் புல் இல்லாமலில்லை. வீரனின் தலைமயிரிலேயே புல் இருக்கிறது. எருதுக்குத்தான் புல் இல்லை. ஒரே பாட்டில், உதிர்ந்து சிக்கிய ஊகையும் கொடுக்கப்படாத புல்லையும் சில அடிகளின் இடைவெளியில் வைத்த புலவருக்கு அவ்வேறுபாடு தெரியாதிருந்திருக்க முடியாது என்றே கருதுகிறேன். இது என் துணிபு. மூலத்தில் வெளிப்படையாகக் கூறப்பட்டதன்று. ஆனால் ஊகு ஒருவகைப் புல் என்னும் குறிப்போடு நின்றால் இவ்வினாவே எழாது.

பெயர்ப் பட்டியல்களும் நிலப் பட்டியல்களும்

வட்டாரப் பெயர், தாவரவியற் பெயர், பயன் என்னும் மூன்று நிரல்களில் அட்டவணை இட்டு முடிப்பது தமிழ்நாட்டுத் தாவர வழக்காற்று ஆய்வுகளில் நிலைபெற்ற முறை. என் கையிலும் அத்தகைய அட்டவணை ஒன்று உண்டு. அதில் ஊசிப்புல்லுக்கு எதிரே எந்த இலத்தீன் பெயரை எழுதுவது? ஹெட்டிரோபோகன் என்றால் துடைப்பம் கட்டும் முதியவர் தவறாகிறார். அரிஸ்டிடா என்றால் கரட்டின் மேல் ஆடு மேய்ப்பவர் தவறாகிறார். இரண்டையும் எழுதினால் வழக்குப் பெயர் துல்லியமற்றது என்னும் தீர்ப்பு வந்துவிடுகிறது. மூன்றும் தவறான விடைகள். ஏனெனில் நிரலே தவறு. பருவம், உறுப்பு, சொன்னவரின் தொழில் ஆகியவற்றுக்கு அங்கே கட்டமில்லை. பிரெண்ட் பெர்லின் முதலியோர் 1973 முதல் நாட்டார் வகைப்பாட்டின் பொது நெறிகளை வகுத்து வந்துள்ளனர். உயிர்வடிவம், பேரினம், இனம் என்று அவர்கள் காட்டும் அடுக்கு புல், அறுகு, கோரை போன்றவற்றுக்கு ஓரளவு பொருந்தும். (கோரை தாவரவியலில் புற்குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று என்பது வேறு.) ஆனால் பருவத்தால் பெயர் மாறும் ஊசிப்புல்லை அவ்வடுக்கும் முழுமையாகத் தாங்குவதில்லை.

இதனால் இழப்பது சொல்லை மட்டுமன்று. இன்று உத்திரமேரூர்க் கடைகளில் விற்கும் பூந்துடைப்பம் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் வேறொரு புல். தைசனோலீனா என்பது அதன் பேரினம். வாசலுக்குத் தென்னை ஈர்க்கு, வீட்டுக்குள் பூந்துடைப்பம் என்றாகிவிட்டது. மரபியலின்படி இரண்டும் புல்லே என்பது ஒரு வேடிக்கை. ஊகை அறுத்துக் கட்டிய கை ஓய்ந்தபின், ஊசிக்கும் தொடப்பத்துக்கும் இடையிலுள்ள அந்தப் பருவ வேறுபாட்டைச் சொல்ல ஆளிருக்காது.

வருவாய்த்துறைக் கணக்கில் வேறொரு வகைப்பாடு இருக்கிறது. அங்கு நிலம் நன்செய், புன்செய், மேய்க்கால் புறம்போக்கு, தீர்வை ஏற்படாத தரிசு என்று வகுக்கப்படுகிறது. புன்செய் என்னும் சொல்லில் உள்ள புன்மையும் புல்லும் எவ்வாறு உறவுடையன என்பது தனி ஆய்வுக்குரியது. ஊசிப்புல் நிற்கும் நிலம் பெரும்பாலும் கடைசி இரண்டில் விழுகிறது. தரிசு என்று எழுதப்பட்ட இடத்தில் எதுவும் இல்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். நான் புல் திரட்டிய கரட்டடி ஒன்றில் சென்ற ஆண்டு மனைக்கற்கள் நடப்பட்டிருந்தன. அவ்விடத்துப் புற்களுள் இரண்டின் மாதிரிகள் மட்டும் என்னிடம் உலர்தாளில் உள்ளன. அவற்றின் சீட்டில் வட்டாரப் பெயர் என்னும் இடத்தில் இவ்வாறு எழுதியிருக்கிறேன்: புரட்டாசியில் புல், தையில் ஊசிப்புல், சொன்னவர் ஆடு மேய்ப்பவர், மாசியில் தொடப்பப்புல், சொன்னவர் அவரே.